கேட்டில் கட்டிவிட்டுப் போன நாய்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. தென்சென்னையில் நான் வாரம் ஒருமுறை போய்க் கைவேலை செய்யும் விலங்குக் காப்பகத்தின் இரும்பு கேட்டில், நைலான் கயிற்றால் ஒரு லாப்ரடாரைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டை. ஐந்து வயது இருக்கலாம். பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பாக்கெட், ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர். எங்களைப் பார்த்ததும் வாலாட்டியது. அப்புறம் தெருமுனைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றது. மடி தொங்கியிருந்தது, காம்புகள் நீண்டிருந்தன, முழங்கை இரண்டிலும் வெறும் சிமெண்ட் தரையில் வருடக்கணக்காகப் படுத்துக் காய்த்த தழும்பு. அங்கே கூண்டு கழுவும் அக்கா ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "குட்டி போட வெச்சிருந்திருக்காங்க. இனிமே போடாதுன்னு தெரிஞ்சதும் கொண்டாந்து கட்டிட்டாங்க."

காப்பகம் என்றால் அனாதை விலங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், கூண்டு கூடக்கூடத் தெருவில் குறையும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். நாலு வருடம் போய் வந்த பிறகு அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டியவர் யார், அந்த நாய் எத்தனை ஈத்துப் போட்டது, அந்தக் குட்டிகள் எங்கே போயின, அவற்றில் எத்தனை இன்னொரு கேட்டில் கட்டப்பட்டிருக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனால், காப்பகத்தின் வேலையில் பெரும்பங்கு அதன் சுவருக்கு வெளியே கிடக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சென்னைத் தெருவில் திரியும் எல்லா நாயையும் வீடற்றது என்று சொல்ல முடியாது. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு வீடு இல்லை, ஆனால் தெரு இருக்கிறது. காலையில் டீக்கடைப் பொறை, மதியம் மெஸ் வாசல், ராத்திரி ஏடிஎம் வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் படுக்கை. அதற்கு ஒரு பெயரும் இருக்கும், பெரும்பாலும் மணி அல்லது பிரவுனி. 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இப்படிப்பட்ட நாய்களைச் சமூக விலங்குகள் என்றுதான் குறிப்பிடுகின்றன. மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் இவை ஏறக்குறைய 1.81 லட்சம். 200 வார்டுக்கும் பிரித்தால் வார்டுக்குத் தொள்ளாயிரம் சொச்சம்.

வீட்டில் வளர்ந்து வீதிக்கு வந்தது வேறு ரகம். சோபாவில் தூங்கிய ஷிட்சு இன நாய்க்கு ரோடு கடக்கத் தெரியாது. குப்பைத்தொட்டியில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று தெரியாது. அடுத்த தெருவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது தெரியவே தெரியாது. அந்த ஏரியா நாய்கள் அதை முதல் ராத்திரியே சொல்லிக்கொடுத்துவிடும், பல்லால். சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அவிழ்த்துவிடப்பட்ட, குளிர்நாட்டு நாயான ஒரு ஹஸ்கியை நாங்கள் தூக்கி வந்தபோது அதன் காதுக்குள் உண்ணி கொத்துக்கொத்தாகத் திராட்சை மாதிரி தொங்கியது. அப்படி வருபவற்றில் பாதி, உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிப்போய்த்தான் வருகின்றன.

இந்த இரண்டு ரகமும் தனித்தனிப் பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் நடுவில் ஒரு சாக்கடை ஓடி இரண்டையும் இணைக்கிறது. கருத்தடை செய்யாமல் கைவிடப்பட்ட வீட்டு நாய் தெருவில் குட்டி போடுகிறது. தெருவில் பிறந்த குட்டியைப் பாவம் பார்த்து ஒரு பையன் வீட்டுக்குத் தூக்கிப் போகிறான். ஆறு மாதத்தில் அது வளர்ந்து செருப்பைக் கடித்ததும் அப்பா அதை வேறு ஏரியாவில் விட்டுவிட்டு வருகிறார்.

இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. வேப்பேரியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1877லேயே வந்துவிட்டது. நாடு முழுக்கச் செல்லுபடியாகும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக 1953இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது பின்னால் 1960ஆம் ஆண்டுச் சட்டமானது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது, அப்புறம் ஹரியானாவுக்குப் போய்விட்டது.

அதே ஊரில்தான் மாநகராட்சி நூறு வருடத்துக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பின் தரப்பு சொல்லும் கணக்குப்படி 1860இல் தொடங்கிய வழக்கம் அது, 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய் என்ற அளவுக்கு வந்திருந்தது. விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959இல் மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளை தி.நகர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கியது ப்ளூ கிராஸ். அவர் மகன் சின்னி கிருஷ்ணா பொறியாளர். அவருடைய கேள்வியும் பொறியாளர் கேள்வியாகத்தான் இருந்தது: இத்தனை வருடமாகக் கொன்றும் எண்ணிக்கை ஏறுகிறது என்றால், முறையில்தானே கோளாறு? 1964இல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் வேலையை அவர்கள் தொடங்கினார்கள். ஏபிசி (அனிமல் பர்த் கன்ட்ரோல், அதாவது விலங்குக் கருத்தடை) என்று பெயர் வைத்ததே, அது அரிச்சுவடி மாதிரி எளிது என்பதைச் சொல்லத்தான். அந்த அரிச்சுவடி மாநகராட்சிக்குப் புரிய முப்பத்திரண்டு வருடம் ஆனது. 1996இல் தென்சென்னையில் சோதனையாக ஏற்றுக்கொண்டார்கள். 2001இல் அதுவே நாடு தழுவிய விதியானது, 2023இல் புது விதிகள் வந்தன.

பிடித்த இடத்திலேயே ஏன் விட வேண்டும் என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு தெருவில் நாய் இருப்பது அங்கே சோறு இருப்பதால். இருக்கும் நாயை எடுத்துவிட்டால் சோறு அப்படியே இருக்கும், பக்கத்துத் தெரு நாய் வந்து உட்காரும். அது கருத்தடை ஆகாத, ஊசி போடாத நாயாக இருந்தால் நிலைமை முன்பைவிட மோசம். கருத்தடைக்கு அடையாளமாகக் காது வெட்டுப்பட்ட, ஊசி போட்ட பழைய நாய் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு காவல் மாதிரி.

ஏபிசி நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விடிகாலையில் வண்டி வந்துவிடும். உள்ளே வலையில் சிக்கிய நாய்கள், எல்லாம் ஒரே குரலில். எந்தத் தெரு, எந்த விளக்குக் கம்பம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கழுத்தில் எண் மாட்டுவார்கள். அன்று முழுக்கச் சோறு கிடையாது. வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது. மறுநாள் காலை மயக்க ஊசி, வயிற்றில் மயிர் வழிப்பு, மேசையில் நாலு காலையும் கட்டி அறுவை. கைப்பழக்கம் உள்ள டாக்டர் பெட்டை நாயின் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் விரல் நீள வெட்டு வழியாக வெளியே எடுத்துவிடுவார். மயக்கம் தெளிவதற்குள் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு, வெறிநாய்த் தடுப்பூசி. அப்புறம் கூண்டு; குறைந்தது நாலு நாள் வைத்திருந்து, தையல் பார்த்துத்தான் விட வேண்டும் என்பது விதி. முதல் நாள் ராத்திரி அந்தக் கூண்டு வரிசையில் நடந்தால் ஒரு சத்தமும் இருக்காது. நாலாம் நாள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதுதான் தேறிவிட்டதற்கு அடையாளம்.

புளியந்தோப்பு, கண்ணம்மாப்பேட்டை, லாயிட்ஸ் காலனி, மீனம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று மாநகராட்சியின் கருத்தடை மையங்களும், தொண்டு நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. ஆனாலும் 2024 கணக்கெடுப்பில் கருத்தடையானவை கால்பங்குக்குச் சற்று மேலேதான் இருந்தன. இந்த எண்ணை நான் அடிக்கடி நினைப்பேன். நாயின் சினைக்காலம் 63 நாள், ஈத்துக்கு நாலிலிருந்து ஆறு குட்டி. ஒரு வார்டில் கால்வாசிக்கு மட்டும் ஆபரேஷன் செய்துவிட்டு மறு வருடம் வந்தால், மீதி முக்கால்வாசி போட்ட குட்டிகள் அந்த வேலையை அழித்திருக்கும். ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு பெட்டையாவது முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்று களத்தில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான். ஊர் முழுக்கத் தூவினால் ஒன்றும் விளையாது.

சரி, குட்டி அதிகம் பிறந்தால் என்ன, தெரு நாயாக வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் நாலு ஏழு மாதம் முடியும் முன்பே செத்துப்போயின. மார்கழியில் சென்னையில் தெருவுக்குத் தெரு குட்டிகளைப் பார்க்கலாம். சித்திரையில் அவை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தெருவுக்கான ஏபிசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டு நாய், வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்வது பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. என் பார்வையில் கேட்டில் கட்டப்படும் நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்க இதைவிடப் பெரிய கருவி காப்பகத்திடம் கிடையாது. "ஒரு தடவையாவது குட்டி போடட்டும் சார், அதுக்கும் ஆசை இருக்கும்ல." "ஆம்பள நாய்க்கு எதுக்கு ஆபரேஷன்?" இந்த இரண்டு வசனத்தையும் வாரம் தவறாமல் கேட்கிறோம். ஆசை என்பது நாம் அதன் மேல் ஏற்றிப் பார்ப்பது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் கட்டுவதும், மடியில் கட்டி வருவதும் சகஜம். பூனை இன்னும் வேகம். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், நம் ஊர் வெளிச்சத்துக்கும் வெயிலுக்கும் வருடம் முழுக்கக் குட்டி போடும். துணிப்பையில் போட்டுக் காப்பக வாசலில் வைத்துவிட்டுப் போகப்படும் பூனைக்குட்டிகளைக் கணக்கெடுத்தால், நாயைவிட அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அதில் பாதிக்குக் கண்ணே திறந்திருக்காது. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை, மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவ மையங்கள், காப்பகங்களின் வெளிநோயாளிப் பிரிவு இவையெல்லாம் குறைந்த செலவில் கிடைக்கும் வழிகள். தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கேட்பதைக் கொடுக்க முடியாத ஆட்டோக்காரரின் நாய்க்கு அங்கே ஆபரேஷன் நடந்துவிட்டால், அடுத்த வருடம் கேட்டில் ஆறு குட்டி குறைவு.

கேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேரிலே வந்து "நாயை விட வந்திருக்கேன்" என்று சொல்பவரை, கயிற்றைக் கட்டிவிட்டு ஓடுபவரைவிட நான் பத்து மடங்கு மதிக்கிறேன். அவரிடம் பேச முடியும். ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். பெங்களூருக்கு மாற்றல். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். குரைக்கிறது, பக்கத்து பிளாட்டில் புகார். கடித்துவிட்டது. வைத்தியச் செலவு தாங்கவில்லை. வளர்த்த தாத்தா காலமாகிவிட்டார். இவற்றில் பாதியை நாயை உள்ளே வாங்காமலே தீர்க்கலாம். அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் பிரதியைக் கொடுத்து அனுப்பினாலே சில வழக்கு முடிந்துவிடும். கர்ப்பிணி வீட்டில் நாய் இருக்கலாமா என்பதற்கு ஒரு டாக்டரின் அரைமணி நேரப் பேச்சு போதும். குரைப்பது பெரும்பாலும் பால்கனியில் பத்து மணி நேரம் தனியாகக் கிடப்பதால். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போங்கள் என்றால் முகம் சுருங்கும், ஆனால் சிலர் செய்கிறார்கள்.

வீட்டுக்காரர் விஷயம் மட்டும் கைக்கு அடங்காது. வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் நாய் பூனை கூடாது என்று எழுதிவிட்டால் சங்கத்துக்கான வழிகாட்டுதல் அங்கே உதவாது. அமைந்தகரையில் நான் இருந்த முதல் வீட்டில் ஒரு பூனைக்காக எனக்கே ஒரு மாத நோட்டீஸ் வந்தது. நான் வீட்டை மாற்றிக்கொண்டேன். எல்லோராலும் மாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்ட காலம் அது.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாகியும் தொகை மாறவில்லை. ரெண்டு டீ, ரெண்டு வடை சாப்பிட்டால் அதிகபட்ச அபராதம் ஆகிவிடும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை. இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நாயை விட்டுவிட ஐம்பது ரூபாய்.

பயம் பரவும்போதும் கேட்டில் கூட்டம் கூடும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகான வாரங்களில் எங்களுக்கு வந்த போன்களில் பெரிய நாய் வைத்திருப்பவர்களின் குரல்தான் அதிகம். அதுவரை ஒரு பிரச்சினையும் செய்யாத நாயை வைத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். பெருமைக்காக வாங்கி, பழக்காமல், சங்கிலியிலேயே வளர்த்து, இப்போது கிட்டே போகவே பயப்படுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டாவது வகை நாய்க்கு வேறு வீடு தேடுவது எவ்வளவு சிரமம் என்பதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலோர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காப்பகத்துக்கு நாளைக்கு ஐந்து விலங்கு வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக அறுபது நாள் தங்குகிறது என்றால் எந்த நேரமும் உள்ளே முந்நூறு இருக்கும். அதே ஐந்து வந்து, தங்கும் நாள் முப்பதாகக் குறைந்தால் நூற்றைம்பதுதான் இருக்கும். ஒரு செங்கல்கூட வைக்காமல் காப்பகம் இரட்டிப்பாகிவிட்டது. கோயம்பேடு மார்க்கெட் மாதிரி. விடிகாலை வந்த தக்காளி மதியத்துக்குள் போகாவிட்டால் நாளைய லாரிக்கு இடம் இல்லை, இன்றைய தக்காளியும் அழுகும்.

அழுகும் என்பது வெறும் உவமை இல்லை. நெரிசல் கூடினால் முதலில் வருவது பார்வோ என்ற வைரஸ் நோய். ரத்தமும் கழிச்சலுமாகக் குட்டிகள் ரெண்டு மூன்று நாளில் போய்விடும், அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் வந்தால் அதைவிடக் கொடுமை. தப்பித்த நாய்க்கும் தாடை துடித்துக்கொண்டே இருக்கும். நல்லெண்ணத்தில் அளவுக்கு மேல் வாங்கிப்போட்ட காப்பகம், வெளியே இருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குட்டிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். "இடமில்லை" என்று கேட்டில் சொல்பவரை ஈவிரக்கமில்லாதவர் என்று சமூக வலைத்தளத்தில் திட்டுகிறோம். அவர் உள்ளே இருக்கும் நாற்பது குட்டியை எண்ணிக்கொண்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் தற்காலிக வளர்ப்பு, அதாவது ஃபாஸ்டர், இந்தத் தொழிலின் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். தடுப்பூசி முடியாத குட்டியைக் காப்பகத் தரையில் விடாமல் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் ஆறு வாரம் வைத்திருப்பது. செலவில்லை, கட்டடமில்லை. குட்டிக்கும் மிக்ஸி சத்தம், குழந்தை அழுகை, காலிங்பெல் எல்லாம் பழகிவிடும்; மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பழகாததை அப்புறம் பழக்குவது மிகக் கடினம். தத்து கேட்டு வருபவரிடம் "கரண்ட் போனா பயப்படாது, தயிர்சாதம் சாப்பிடும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுப்பும்" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். கூண்டு எண் பதினேழு என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்.

தத்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "லேப் குட்டி இருக்கா?" அடுத்தது, "கருப்பு இல்லாம ஏதாவது?" ஜாதி நாய் என்ற சொல்லையே கூச்சமில்லாமல் புழங்குகிற ஊர் இது. மூன்று வயது நாட்டு நாய், அதுவும் பெட்டை, அதுவும் கருப்பு என்றால் அந்தக் கூண்டுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. கூண்டில் தங்கும் நாளைக் கூட்டுவது இவைதான். சென்னைக் காற்றுக்கும் வேர்வைக்கும் ஏற்ற தோல், குறைந்த வைத்தியச் செலவு, இரண்டு நாளில் வீட்டைப் புரிந்துகொள்ளும் மூளை என்று எவ்வளவு சொன்னாலும், எதிரே இருப்பவர் கண் லாப்ரடார் பக்கம் போகும்.

அவசரப்பட்டுக் கொடுப்பதும் ஆபத்துதான். இதில் என் கதையையே சொல்கிறேன். முதல் வருடம் அது. ஒரு குடும்பம் காரில் வந்தது, பத்து வயதுப் பெண் பிள்ளை ஒரு பழுப்புக் குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்தது. எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. படிவத்தில் வேலை, வீடு, முகவரி எல்லாம் எழுதி வாங்கினேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. யாரும் இல்லை. குட்டி ஒன்பது மணி நேரம் பூட்டின வீட்டில் கிடந்து கதவைச் சுரண்டியது. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது. வந்தபோது முன் நகம் இரண்டு பிய்ந்திருந்தது. அதன் பிறகு அது மனிதர் தனியே விட்டால் நடுங்கும் நாயாகவே வளர்ந்தது, ஒன்றரை வருடம் கூண்டில் இருந்தது. அந்த ஒன்றரை வருடமும் இன்னொரு இருபது விலங்குக்கு இடமாகியிருக்க வேண்டியது. இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ரெண்டாவது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, அதிலும் பாத்திரம் துலக்குபவருக்கு.

தொலைந்துபோகும் நாய்களையும் மறந்துவிடக்கூடாது. தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்தில் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி ஓடியவை மறுநாள் காலை ஊர் முழுக்க நாக்கைத் தொங்கவிட்டுத் திரியும். எங்கள் எதிர்வீட்டு ஜிம்மி சூளைமேட்டில் கிளம்பி, ஆறாம் நாள் வில்லிவாக்கத்தில் ஒரு பழமுதிர் கடை வாசலில் கிடைத்தது. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதியிருந்ததால் கிடைத்தது, அவ்வளவுதான். பட்டை அறுந்திருந்தால் ஏதோ ஒரு காப்பகத்தில் "கைவிடப்பட்டது" என்று பதிவாகியிருக்கும். மைக்ரோசிப் இங்கேதான் உதவுகிறது. அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி, தோளுக்கு மேல் தோலுக்கடியில் ஒரு ஊசியில் போட்டுவிடுவார்கள். உள்ளே 15 இலக்க எண் ஒன்று. செல்போன் மாதிரி இருக்கும் இடத்தைக் காட்டாது. படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண்ணைச் சொல்லும், எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடலாம். மாநகராட்சியின் ஐம்பது ரூபாய் வருட உரிமத்தை வருடக்கணக்காக யாரும் சட்டை செய்யவில்லை. 2025 கடைசியில் சிப்பும் உரிமமும் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் முகாம்களில் வரிசை நின்றது. எனக்கு இதில் இருக்கும் ஆசையே வேறு. கேட்டில் கட்டிவிட்டுப் போன நாயின் தோளில் கருவியை வைத்தால், ஒரு நாள் "டிக்" என்று ஒரு பெயரும் முகவரியும் வர வேண்டும்.

எல்லாத் தெருநாயையும் பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி நாய்களையெல்லாம் அடைக்கச் சொன்ன உத்தரவு, 22ஆம் தேதி மாற்றப்பட்டது. கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரியான வளாகங்களில் இருக்கும் நாய்களை எடுத்துக் காப்பகத்தில் வைக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. குழந்தை கடிபட்ட தாயிடம் ஏபிசி பாடம் நடத்த எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 1.81 லட்சம் நாய்க்கு ஆளுக்கு அரைக்கிலோ சோறு என்றால் நாளைக்கு 90 டன். ஐந்நூறு நாய் கொள்ளும் காப்பகம் முந்நூற்று அறுபது வேண்டும், அதற்கு டாக்டர்கள், கூண்டு கழுவ ஆட்கள், தண்ணீர். கோடையில் நாங்களே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறோம். மூர்க்கமான நாய்களுக்குத் தனி இடம் கண்டிப்பாக வேண்டும். மீதியை அடைக்கப் போகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஏபிசிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த லாப்ரடாருக்கு லட்சுமி என்று பெயர் வைத்தோம். கர்ப்பப்பையில் சீழ் இருந்தது, ஆபரேஷனில் எடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மாதம் மாத்திரை. பதினோரு வாரம் கழித்து அம்பத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வந்தார்கள். லேப் குட்டி கேட்டுத்தான் வந்தார்கள், சந்தேகமே இல்லை. குட்டி ஒன்றும் அன்று இல்லை. அந்த அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், மூட்டுவலி. லட்சுமி கம்பி வழியாக அவர் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. "இதுக்கும் என்னை மாதிரி முட்டி வலிதான் போல" என்றார் அவர். அய்யா, படிக்கட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்துச் சொன்னார், தரைத்தளம்தான், நாலு படி. பகலில் யார் இருப்பீர்கள் என்று கேட்டேன். "நாங்க எங்கப்பா போறது" என்றார்கள்.

அவர்கள் கார் கிளம்பிய அரைமணி நேரத்தில் அக்கா அந்தக் கூண்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதில் வேறொன்று இருந்தது.